வளைகாப்புப் படங்களுக்கு ஒரு லிங்க்

ஒன்பது கிலோ எடையுள்ள நான்கு ஆல்பங்களை ஸ்கூட்டரின் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கட்டிக்கொண்டு, அஸ்தினாபுரத்திலிருந்து செம்பாக்கம் குண்டுகுழிகளில் எல்லாம் இறங்கி ஏறி கிழக்குத் தாம்பரம் போய்ச் சேர்ந்தவளிடம், "ஆல்பமெல்லாம் வேணாம்மா, லிங்க் இருந்தா அனுப்புங்க" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? நான்கையும் அவர் மேஜை மேலேயே போட்டுவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

அவர் ஒரு சின்ன பிரசவ மருத்துவமனையின் மேனேஜர். நல்ல மனிதர்தான். எனக்கு உட்கார நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், ஆனால் ஆல்பத்தின் அட்டையைக்கூடத் திறக்கவில்லை. பிரசவத்துக்குப் பதிவு செய்கிற பெண்களுக்கு வளைகாப்புப் படம், குழந்தையின் முதல் படம், பெயர் வைக்கிற அன்று எடுக்கிற படம் எல்லாவற்றையும் சேர்த்து மருத்துவமனையே ஏற்பாடு செய்து தரப் போகிறார்களாம். அதற்கு நிரந்தரமாக ஒரு போட்டோகிராபர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் டாக்டரம்மா முன்னால் நான்கு பேருடைய வெப்சைட்டையும் பெரிய திரையில் போட்டுக் காட்டி ஒருவரை முடிவு செய்வார்கள்.

"உங்க லிங்க் வரலைன்னா மூணு பேரோடத காட்டுவோம். அவ்வளவுதான்மா" என்றார்.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு அவசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் பதினோரு வருடம் இரண்டாவது கேமராவாக இருந்தேன். முதல் கேமரா மேடைக்கு. இரண்டாவது கேமரா உள் அறைக்கு, சமையல்கட்டுக்கு, அழுகிற மாமிக்கு. வளைகாப்பு என்றால் ஆண்கள் வாசலோடு சரி, அதனால் எல்லாப் படமும் நான்தான் எடுப்பேன். ஆல்பத்தின் அட்டையில் அவர் ஸ்டூடியோவின் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு முன் நான் எடுத்த ஒரு வளைகாப்பை யாரையும் கேட்காமல் தன் வெப்சைட்டில் போட்டுவிட்டார். அந்தக் குடும்பம் கொதித்துப்போய் வந்து நின்றபோது, "நீயே போய்ப் பேசிட்டு வா, உனக்குத்தான் அவங்களைத் தெரியும்" என்று என்னை அனுப்பினார். போனேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பி வந்து அவருடைய லென்ஸை அவர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவரிடம், "வருவாங்க, நாற்பத்துமூணு வயசுல வேற எங்க போவாங்க" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. நிரந்தரமாக ஒரு இடம் கிடைக்காவிட்டால் அந்த ஆள் சொன்னது உண்மையாகிவிடும். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆக, ஒரு வாரம். ஒரு வெப்சைட். கையில் அதிகம் காசு கிடையாது.

என் வீட்டுக்காரர் எல்லாப் பிரச்சினைக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்வு சொல்லக்கூடியவர். "இன்ஸ்டாகிராம்லயே போடேன், ஃப்ரீ" என்றார். டாக்டரம்மா அதெல்லாம் திறக்க மாட்டாராம், மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார் என்றேன். "அப்ப அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?" என்று அந்த டாக்டரம்மாவின் மேல் கோபப்பட்டுவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார்.

குரோம்பேட்டையில் வெப்சைட் செய்து கொடுக்கிற ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஏசி அறையில் ஒருவர் நான் உட்காருவதற்கு முன்பே, "எத்தனை பேஜ் மேடம்?" என்றார். இது என்ன பரீட்சைப் பேப்பரா, எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து பக்கம் என்று அவரே முடிவு செய்து ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு நான் நல்ல லென்ஸே வாங்கிவிடுவேன். "இதுல கன்டென்ட் வராது மேடம், அது நீங்க தரணும்" என்றார். படமும் நான்தான் தர வேண்டும், எழுத்தும் நான்தான் தர வேண்டும் என்றால் அவர் என்னதான் செய்வார் என்று கேட்டேன். "அத சைட்டா மாத்துவோம் மேடம்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் நாமே செய்துகொள்கிற மாதிரி இருக்கிற ஒன்றைப் பிடித்தேன். இலவசம் என்றால் நம் படத்துக்குக் கீழே அவர்களுடைய விளம்பரம் ஓடும். மருத்துவமனைக்கு அனுப்புகிற வெப்சைட்டில் யாரோ ஒருவனுடைய விளம்பரம் எதற்கு என்று, இருப்பதிலேயே குறைந்த திட்டத்துக்குப் பணம் கட்டினேன். பட்டு ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யக் கேட்கிற காசுதான் ஒரு வருடத்துக்கு. அது வரைக்கும் சந்தோஷம். "அரை மணி நேரத்தில் உங்கள் வெப்சைட் தயார்" என்று போட்டிருந்தான். அந்த அரை மணி நேரம் மூன்று நாள் ஓடியது.

முதல் நாள் பெயரிலேயே போய்விட்டது. எனக்குத் தோன்றிய பெயரையெல்லாம் எவனோ முன்னாலேயே வாங்கி வைத்திருந்தான். வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவும் இல்லை, போய்ப் பார்த்தால் வெள்ளையாகக் கிடக்கிறது. ரயிலில் சீட்டில் கர்ச்சீப் போட்டுவிட்டு இறங்கிப் போனவன் மாதிரி. எட்டாவதாக ஒன்று கிடைத்தது. வாயில் நுழைகிற மாதிரி இருந்ததால் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது நாள் டெம்ப்ளேட். அதாவது அவர்களே அலங்காரம் செய்து வைத்திருக்கிற வெற்று வீடு மாதிரி ஒன்று. நாம் உள்ளே நம் சாமானைக் கொண்டு வைக்க வேண்டும். ஆனால் அவர்கள் அதற்குள் ஏற்கெனவே சில படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். கடற்கரையில் செருப்பில்லாமல் நிற்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண், கல்யாண கவுனில். பக்கத்தில் ஒரு நாய். அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு என் படங்களைப் போடுவதற்குள், என் வீட்டுக்காரர் ஆர்வக்கோளாறில் லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

மாடம்பாக்கத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, சூப்பரா இருக்கு. அந்த வெள்ளைக்காரப் பொண்ணு கல்யாணத்துக்கு எப்ப போனீங்க, சொல்லவே இல்ல? அந்த நாய் எவ்வளவு அழகா வந்திருக்கு!"

பதினோரு வருடத்தில் நான் எடுத்த ஒரு படத்தையும் அவள் இப்படிப் புகழ்ந்ததில்லை. அவளுடைய சொந்த வளைகாப்பே நான் எடுத்ததுதான். அப்போது, "கொஞ்சம் குண்டாத் தெரியுறேன் அண்ணி" என்றாள். ஒன்பதாம் மாதத்தில் வேறு எப்படித் தெரிவாளாம்?

மூன்றாவது நாள் என் படங்களை ஏற்றினேன். கேமராவிலிருந்து வந்த அளவிலேயே ஏற்றியது என் தப்பு. போனில் திறந்து பார்த்தால் படம் மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக இறங்கியது. நெற்றி வந்தது. போய்க் காபி கலந்துகொண்டு வந்து பார்த்தேன், மூக்கு வந்திருந்தது. எல்லாவற்றையும் இறக்கி, சின்னதாக்கி, மறுபடி ஏற்றினேன்.

இதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் உட்கார்ந்து செய்தால் தீருகிற எரிச்சல். தீராத எரிச்சல் அடுத்துதான் ஆரம்பித்தது. ஏனென்றால் அந்த ஸ்டூடியோக்காரர் மாதிரி நான் கேட்காமல் போட மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். நோட்டை எடுத்து, நான் படமெடுத்த நாற்பது குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்ய ஆரம்பித்தேன்.

திருநீர்மலையில் ஒரு குடும்பம். ஒரு காலத்தில் வயல் வைத்திருந்தவர்கள், இப்போது அந்த வயலில் எழுந்த கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மருமகளிடம் பேசினேன். அவள் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போன் மாமியார் கைக்குப் போய்விட்டது.

"எதுக்கும்மா அதெல்லாம்? அன்னிக்கே ஆரத்தி எடுத்து, உப்பு மிளகா சுத்திப் போட்டுத்தான் அவள உள்ளயே கூட்டிட்டுப் போனோம். இப்ப நீ ஊருக்கே தெறந்து காட்டுறேங்குற. யார் கண்ணு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"டாக்டருங்கதாம்மா பாக்கப் போறாங்க."

"டாக்டருக்கு மட்டும் கண்ணு இல்லையா?"

போனை வைத்துவிட்டேன்.

சரி, படித்தவர்களிடம் போவோம் என்று நாவலூரில் ஒரு தம்பதிக்குப் போன் செய்தேன். பதினான்காவது மாடியில் வீடு, இரண்டு பேருக்கும் அங்கேயே கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். "இல்ல மேம், நாங்க ப்ரைவசி விஷயத்துல கொஞ்சம் ஸ்ட்ரிக்ட். குழந்தை வளர்ந்து அவனே முடிவு பண்ணட்டும்னு இருக்கோம்." குழந்தைக்கு ஏழு மாதம். சரிம்மா என்றேன். வைக்கப் போகும்போது குரலைத் தாழ்த்தி, "அதுவும் இல்லாம மேம், போன வாரம் ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ போட்டேன், அன்னிக்கே ஜுரம் வந்துடுச்சு" என்றாள். அப்படிச் சொல்லு. திருநீர்மலையில் கண்ணு என்பதை நாவலூரில் ப்ரைவசி என்கிறார்கள், வேறொன்றுமில்லை.

முப்பது பேரிடம் பேசியிருப்பேன். எல்லோரும் என் படங்கள் ரொம்ப அழகு என்றார்கள். அழகாக இருப்பதால்தான் வேண்டாமாம், கண்ணு பட்டுவிடுமாம். நான் கொஞ்சம் சுமாராக எடுத்திருந்தால் பிழைத்திருப்பேன் போலிருக்கிறது. என் தொழிலையே நினைத்துப் பார்த்தேன். கல்யாணம் எடுக்கிறவன் ஊரெல்லாம் காட்டிக்கொள்கிறான். நான் எடுப்பது மட்டும் பிறக்காத குழந்தையையும் பிறந்த குழந்தையையும். இந்த ஊரில் வேறு எதை மறைக்கிறார்களோ இல்லையோ, இந்த இரண்டையும் பொத்திப் பொத்தி மறைக்கிறார்கள்.

கோவளம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் ஓர் அக்காவின் மகளுக்கு வளைகாப்பு எடுத்திருந்தேன். அந்த அக்கா காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து மதியம் வரை விற்கிறவள். அவளுக்குப் போன் செய்தபோது பின்னால் பேரம் நடந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா, நல்லா கீறியா? பேரன் சூப்பரா கீறான். இன்னா விசயம்?"

சொன்னேன்.

"நெட்டுலயா? வாணாம்மா. ஏற்கெனவே எங்க எதுத்த வூட்டுக்காரி ஒருத்தி கீறா, அவ கண்ணுக்கு வலையே அறுந்து வரும்." அப்புறம் என் குரல் அவளை என்னவோ செய்திருக்க வேண்டும். "தோ பாரு, நீ பேஜாராவாத. மூஞ்சில ஹார்ட்டு ஒட்டிட்டுப் போடு. எம் பொண்ணு பேரன் போட்டோவ ஸ்டேட்டஸுல அப்டித்தான் போட்டுகினு கீறா. மூஞ்சி தெரியலன்னா கண்ணு எங்க போயிப் படும்?"

எனக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அப்படித்தான் பட்டது. சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் தினமும் செய்வதுதானே? யாராவது ஸ்டேட்டஸில் குழந்தை படம் போட்டால் அதன் முகத்தில் ஒரு சிவப்பு இதயம் உட்கார்ந்திருக்கும். நாமும் அதைப் பார்த்து "க்யூட்" என்று பதில் போடுவோம். மறுபடி எல்லோருக்கும் போன் செய்தேன். முகத்தில் ஹார்ட் போட்டுக்கொள்ளட்டுமா என்றேன். அட, தாராளமா போடுங்க என்றார்கள். திருநீர்மலை மாமியார்கூடச் சரி என்றுவிட்டார், கொஞ்சம் பெரிய ஹார்ட்டாகப் போடச் சொன்னார்.

உட்கார்ந்து ஒவ்வொரு முகத்திலும் ஒட்டினேன். சந்தனம் பூசிய கன்னத்தின் மேல் ஒரு இதயம். குங்குமம் வைக்கக் குனிகிற அத்தையின் முகத்தில் ஒரு இதயம். குழந்தைக்கு ஒரு குட்டி இதயம். செவ்வாய்க்கிழமை காலை லிங்க்கை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் துணி துவைக்கப் போட்டேன்.

புதன்கிழமை அவரே போன் செய்தார்.

"என்னம்மா இது?"

"ஏன் சார், திறக்கலையா?"

"திறந்துச்சும்மா. நான் நர்ஸ் ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரோ திருடங்கள போலீஸ் பிடிச்சு மூஞ்சிய மறைச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்குன்னு சிரிக்கிறாங்க. ஒரு முகமாச்சும் இருக்கா இதுல?"

"கைங்க இருக்கு சார். வளையல் போட்ட கையி, அஞ்சு சாதம் வெச்ச தட்டு, அதெல்லாம் நல்லா வந்திருக்கும்."

"டாக்டரம்மா கையப் பாக்கவாம்மா உக்காரப் போறாங்க? வெள்ளிக்கிழமை காலைக்குள்ள ஒரு முகமாவது போடுங்க. இல்லன்னா நான் இதைக் காட்ட மாட்டேன். உங்களுக்குத்தான் அசிங்கம்."

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வைத்துவிட்டு, வெப்சைட்டைத் திறந்து, ஏதோ வேறொருத்தி செய்தது போலப் பார்த்தேன். நாற்பது குடும்பம், பதினோரு வருடம், சிவப்புச் சிவப்பாக இதயங்கள். ஒரு பெண்கூட யாரையும் பார்க்கவில்லை. இதை எடுத்தவளுக்குக் கண்ணே கிடையாது என்றுதான் எவரும் சொல்வார்கள்.

வியாழக்கிழமை நோட்டில் நான் போன் செய்யாமல் விட்ட ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது. வேண்டுமென்றேதான் விட்டேன். பெருங்களத்தூரில் கட்டிக்கொடுத்த பெண். தாய் வீடு முடிச்சூர். அவளுடைய வளைகாப்பு முழுக்க நான் எடுத்தேன். ஆனால் குழந்தை பிறந்ததும் என்னைக் கூப்பிடவே இல்லை. வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெயர் வைக்கவும் கூப்பிடுவார்கள், அதுதான் வழக்கம். வேறு யாரையோ வைத்து எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு மனஸ்தாபம். ஆனால் அவள் படம் ஒன்று இருந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அதில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். யாரோ ஒரு சித்தி போட்ட வளையல் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை இழுக்கிறேன் பேர்வழி என்று சித்தியே அவள் மடியில் சரிந்துவிட்டாள். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கண்ணாடி வளையல். கன்னத்துச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

மனஸ்தாபத்தை விழுங்கிக்கொண்டு போன் செய்தேன். அவளே எடுத்தாள். எல்லோரிடமும் ஆரம்பிப்பது போலவே ஆரம்பித்தேன். "நல்லா இருக்கியாம்மா? குழந்தை நல்லா இருக்கா?"



"உங்களுக்குத் தெரியாதாக்கா? இல்லக்கா. பொறந்து மூணாவது நாளே போயிடுச்சு."

என்னென்னவோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இத்தனை மாதம் இவள் மேல் கோபமாக இருந்தேனே என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தெரியாமல் போன் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொல்லி வைக்கப் போனேன்.

"இருங்கக்கா. எதுக்குக் கூப்பிட்டீங்க, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லம்மா. வேற ஒரு விஷயம். விடு."

"பரவால்ல, சொல்லுங்கக்கா."

சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. வெப்சைட், மருத்துவமனை, முகம் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லி, உன்னைக் கேட்டிருக்கவே கூடாது என்றேன்.

"அப்ப என் வளைகாப்பு போட்டோ உங்ககிட்ட இருக்கா?" என்றாள். குரலே மாறிவிட்டது. "அழிக்கலையே?"

"இருக்கும்மா, எல்லாம் இருக்கு."

"எங்க மாமியார் ஆல்பத்தைத் தூக்கிப் போட்டுட்டாங்கக்கா. போட்டோ எடுத்துத்தான் கண்ணு பட்டுச்சாம். எங்க வீட்டுக்காரர் போன்ல இருந்ததையும் அழிக்க வெச்சுட்டாங்க. நான் அப்ப ஆஸ்பத்திரியில இருந்தேன். வந்து பாத்தா ஒண்ணுகூட இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "போடுங்கக்கா. அந்த சிரிக்கிற போட்டோ இருக்குமே, அதைப் போடுங்க. மூஞ்சில எதையும் ஒட்டாதீங்க."

"உங்க வீட்ல பாத்தா பிரச்சினை ஆகாதா?"

"நான் இப்ப அம்மா வீட்டோடதான் இருக்கேன். யாரு வந்து கேக்கப் போறாங்க? கேட்டா நான் பாத்துக்கறேன்."

எல்லாப் படத்தையும் இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுகிறேன், வெப்சைட்டில் எதற்கு என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அனுப்புங்க, அதுவும் வேணும். ஆனா போன்ல இருந்தா இன்னொரு நாள் யாராவது அழிப்பாங்க. அங்க இருந்தா அழிக்க முடியாதுல்ல? பொறந்ததும் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டாங்க, போட்டோ எடுக்க விடல. ஒம்பது மாசம் அவ என்கிட்டதான இருந்தாக்கா? அந்தப் படத்துல நான் வயித்தைப் பிடிச்சிட்டு இருப்பேன். எம் பொண்ணுக்குன்னு இருக்கிற போட்டோ அது ஒண்ணுதான்."

வைத்த பிறகு சமையல்கட்டுத் தரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். படத்தை ஏற்றினேன், எதையும் ஒட்டாமல்தான். ஆனால் கடைசியில் போட்டேன். எல்லாக் கைகளுக்கும் தட்டுகளுக்கும் கீழே. என் மனசில் ஓடியது இதுதான்: மாசமாக இருக்கிற பெண்கள் வந்து பார்க்கிற வெப்சைட், முதலில் இவள் படமா? ஒரு வாரமாக நாற்பது வீட்டுப் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அவர்கள் எல்லோரும் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். அவர்களாவது அதை வாய்விட்டுச் சொன்னார்கள்.

அவள் படங்களையும் வெப்சைட் லிங்க்கையும் அவளுக்கு அனுப்பிய ஒரு மணி நேரத்தில் அவள் போன் வந்தது. கோபமில்லை, குறையும் சொல்லவில்லை. "தேடித் தேடிப் பாத்தேன்க்கா. கீழே கடைசில இருக்கு" என்றாள், அவ்வளவுதான்.

அன்றைக்கே எல்லா இதயங்களையும் தூக்கிவிட்டேன். அனுமதி இல்லாத முகங்கள் எல்லாம் இதயத்தோடு சேர்ந்து போய்விட்டன. வளையல் போட்ட கைகள், மருதாணி வைத்த பாதங்கள், வாசலில் கிடந்த இருபது ஜோடிச் செருப்புகள், அவ்வளவுதான் மிஞ்சியது. எல்லாவற்றுக்கும் மேலே, திறந்ததும் திரை முழுக்க, அவள். அவளுக்குச் சொன்னேன். "ம், பாத்தேன்" என்று பதில் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் மேனேஜரின் போன் வந்தது. முதலில் மற்ற மூன்று பேருடையதையும் பார்த்தார்களாம். ஒவ்வொருவருடையதிலும் நூறு முகம், எல்லாம் நேராகப் பார்த்துச் சிரிக்கிற முகம். என்னுடையதைத் திறந்ததும் டாக்டரம்மா, "இதை நகத்தாதீங்க, அப்படியே வையுங்க" என்றாராம். கீழே இருந்த கைகளை எல்லாம் பார்க்கவே இல்லையாம். "உங்களையே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்கம்மா. திங்கக்கிழமை வந்து கையெழுத்து போட்டுடுங்க" என்றார்.

நன்றி சொன்னேன். இந்த வாரம் முழுக்க நான் ஏங்கியது அதற்குத்தான். இனிமேல் அந்த ஸ்டூடியோ பக்கம் போக வேண்டியதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. சத்தமாகச் சிரிக்க மட்டும் வரவில்லை.

"அப்புறம்மா, டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன குழந்தை பொறந்துச்சு?"

"பொண்ணு சார்."

"அப்படியா! அப்ப அந்தக் குழந்தை போட்டோவையும் பக்கத்துலயே போடுங்களேன். ஜோடியா நல்லா இருக்கும்."

"அந்தப் படத்துலயே இருக்கா சார்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.